சுத்தவிட்டு ஆத்தணும்

அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடுவதுகூட நின்றபடிதான், தட்டு ஒரு கையில், அடுத்த வேலை மறு கையில். பஸ்ஸில் இடம் கிடைத்தால் சீட்டின் நுனியில் தொற்றிக்கொள்வாள். இறங்குகிற இடம் வருவதற்கு வெகு முன்னாலேயே எழுந்து கதவருகே போய் நின்று டிரைவரின் பிடரியை முறைப்பாள். டிரைவருக்கே இல்லாத அவசரம் அவளுக்கு. லாண்டரியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது. ஒருமுறை அந்தச் சீட்டையும் வேறு யாருடையதோ என்று நினைத்துப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

இவளுக்கு வாய்த்த வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிடும். சாலையில் ஒரு பூனை குறுக்கே போனால் அது போய், அதன் குட்டியும் போய்ச் சேருகிறவரை வண்டியை நிறுத்திவைப்பார். அவள் ஓட, அவர் நடக்க, ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து, குடும்பம் எப்படியோ ஒரே திசையில் வந்து சேர்ந்திருந்தது.

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்த லாண்டரி. மேலே மெத்தையில் புரளுகிறவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. சன்னல் கிடையாது. ஒரு பக்கம் துவைக்கிற மிஷின்கள், எதிர்ப்பக்கம் உலர்த்துகிற மிஷின்கள், நடுவில் ரோலர் மிஷின். கம்பளி சுற்றிய நீளமான உருளை ஒன்று, அதற்கு அடியில் கைவைத்தால் தோல் உரிந்துவிடுகிற சூட்டில் ஒரு வளைந்த இரும்புத் தகடு. ஈர விரிப்பின் முனையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து உள்ளே கொடுத்தால், அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழும். பம்பரம் ஒரு முனை, ஒல்லி என்று கூப்பிடப்படுகிற இளையவள் மறு முனை. காற்றில் எந்நேரமும் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும்.

ரோலர் மிஷினுக்கு ஒரு குணம் உண்டு. வேலை முடிந்ததும் சூட்டை அணைத்துவிடலாம், உருளையை மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சுடுகிற தகட்டோடு ஒட்டி நின்ற இடத்திலேயே கம்பளி கருகிவிடும். சூடு இறங்குகிறவரை சும்மாவாவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் புதிதாக வந்தவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கப் போவார்கள். பம்பரம் எங்கிருந்தாலும் ஓடிவந்து கையைத் தட்டிவிடுவாள். "பட்டுனு நிறுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது? சுத்தவிட்டு ஆத்தணும்." இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதித் தொண்டை போயிருந்தது.

மீதித் தொண்டையை இளைப்பு வாங்கிக்கொண்டது. பஞ்சுத் தூசியோ, சலவைத் தூளோ, இரண்டும் சேர்ந்தோ, சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் படியேறும்போது மூச்சு பாதியில் நின்றது. பக்கத்துத் தெரு டாக்டர் ஐந்தாறு நாளைக்கு மாத்திரை கொடுத்து, அதற்கப்புறம் தினமும் இன்ஹேலர் உறிஞ்சச் சொன்னார். மாத்திரை சின்னது, வெள்ளை நிறம், நாக்கில் வைத்தால் கசப்பு. விழுங்கிய மறுநாளே நெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனமாதிரி இருந்தது. அதோடு கையும் காலும் பரபரத்தன. விடியும் முன்பே விழிப்பு வந்தது. அலமாரியை ஒழித்தாள், பரணை ஒழித்தாள், ஒழித்த இடத்தையே மறுபடி ஒழித்தாள். இவ்வளவு நல்ல மாத்திரையை விட்டுவிட்டு எவளாவது இன்ஹேலரை எடுத்து நாலு பேர் பார்க்க வாயில் வைத்து உறிஞ்சுவாளா?

உறிஞ்சினால் ஊருக்கே தெரியும், விழுங்கினால் யாருக்கும் தெரியாது. அவள் கணக்கு அவ்வளவுதான். லாண்டரியில் மூச்சுக்கோளாறு இருக்கிறது என்று தெரிந்தால் ரோலரிலிருந்து தூக்கி மடிக்கிற அறையில் போட்டுவிடுவார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள். முன்பு ரோலரில் நின்ற ஒரு பெரியவர், எந்நேரமும் இருமிக்கொண்டிருப்பார், அவரை அப்படித்தான் மாற்றினார்கள். மடிக்கிற அறையில் முக்காலிகள் போட்டிருக்கும். உட்கார்ந்தபடி முகம் துடைக்கிற துண்டுகளை மடிக்க வேண்டும், காலையிலிருந்து மாலைவரை. அந்த முக்காலிகளைப் பார்த்தாலே பம்பரம் நடையை ஓட்டமாக்கிவிடுவாள்.

ஆகவே மூலைக் கடையில் மாத்திரை அட்டையை நீட்டி "இதே மாதிரி" என்றாள். கடைக்காரரும் டாக்டர் சீட்டுக் கேட்காமல் கொடுத்தார், வருஷக்கணக்காகக் கொடுத்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒல்லிக்கு மட்டும் தெரியும். தினமும் காலை டீயோடு அவள் எதையோ வாயில் போடுவதை எதிர் முனையில் நிற்கிறவளிடம் எத்தனை நாள் மறைப்பது? "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மாத்திரை சும்மா இருக்குமா? முகத்தை நிரப்ப ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் பூரித்து, கண் சிறுத்து, தாடை எங்கே முடிகிறது கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. உடம்பெல்லாம் அப்படியே இருக்க முகம் மட்டும் வட்டமாகிக்கொண்டு வந்தது. மகள் வீடியோவில் கூப்பிட்டபோது, "அம்மா, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி, முகம் அடங்க மாட்டேங்குது" என்று சிரித்தாள். "உங்கப்பா சமைச்சுப் போடறார், அதான்" என்று சமாளித்தாள் பம்பரம். வீட்டுக்காரர் சமைப்பதற்குள் பட்டினியில் இளைத்துத்தான் போவாள் என்பது மகளுக்குத் தெரியாதா என்ன. கையில் லேசாக இடித்தாலே கருநீலமாகக் கன்றிப் போயிற்று. அதைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் லாண்டரி வாசலில் வருகைப் பதிவுக்குப் புது மிஷின் வந்தது. அதன் முன்னால் நின்றால் முகத்தைப் பார்த்து, ஆள் இன்னார் என்று கண்டுபிடித்துக் கதவைத் திறக்கும். ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் படம் பிடிக்க ஆபீசில் யாருக்குப் பொறுமை? வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பழைய போட்டோக்களையே அதற்குள் ஏற்றிவிட்டார்கள். முதல் நாள் எல்லோரும் வரிசையாக உள்ளே போனார்கள். பம்பரம் முன்னால் போய் நின்றாள்.

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்."

தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு முயன்றாள். கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு முயன்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "அக்கா, பம்பரம் சுத்தறதுல அதுக்கு முகமே தெரியலை போல" என்றான் ஒருவன். வாயிற்காவலர் கையால் கதவைத் திறந்துவிட்டார். மறுநாளும் அதே கதைதான். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, "ஆபீசுக்குப் போய்ப் புதுசா முகம் பதிஞ்சுக்கோங்கம்மா. அப்படியே கம்பெனி டாக்டர் ஒரு பார்வை பார்த்துடுவார், எல்லாருக்கும் வருஷாவருஷம் பண்றதுதானே, நீங்கதான் ரெண்டு வருஷமா டிமிக்கி கொடுக்கறீங்க" என்றார்.

டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே பம்பரத்தின் காதில் முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு நாள் டைம் கொடுங்க சார், மகள் வீட்டு வேலை இருக்கு" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டு ரோலருக்கு ஓடினாள். விரிப்பைப் பிடித்துக்கொண்டே யோசித்தாள். முகத்தை மாற்றியது மாத்திரை. மாத்திரையை விட்டால் பழைய முகம் வரும். பழைய முகம் வந்தால் மிஷின் வாயை மூடும், டாக்டரும் வேண்டாம், முக்காலியும் வேண்டாம். இவ்வளவு சுளுவான வழி இருக்கும்போது ஏன் கவலைப்பட வேண்டும் என்று அவளுக்கே சந்தோஷமாகிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அட்டையோடு மாத்திரையைச் சாக்கடையில் எறிந்தாள். நாளெல்லாம் அடுத்தவர் கையைத் தட்டிவிடுகிறவள், தன் கையைத் தட்டிவிட ஆளில்லாமல் எறிந்தாள்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் பரபரப்பு மட்டும் மிஞ்சி, பலம் போயிருந்தது. இது பொல்லாத நிலை. மனசு எழுந்திரு எழுந்திரு என்கிறது, கால் வரமாட்டேன் என்கிறது. படுத்தால் படுக்கப் பிடிக்கவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை. கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. மறுபடி பாதி வழியில் அதே சந்தேகம். மூட்டுக்கு மூட்டு வலித்தது. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. மூச்சும் பழையபடி விசிலடிக்க ஆரம்பித்தது.

"என்ன, ஒரு மாதிரியா இருக்கே?" என்றார் வீட்டுக்காரர். அவர் கண்ணுக்கே தெரிந்துவிட்டது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணுமில்லைங்க, வெயில்."

"ஒரு நாள் லீவு போடேன்."

"லீவு போட்டா மிஷின் என்னை மொத்தமா மறந்துடும்."

காலையில் கண்ணாடியைப் பார்ப்பாள். கன்னத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். முகம் இறங்குகிற வழியாக இல்லை. வாசலில் நிற்பாள், மிஷின் பொருந்தவில்லை என்னும், காவலர் பெருமூச்சு விட்டுக் கதவைத் திறப்பார். ஒல்லிக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. "என்னக்கா, இப்பல்லாம் டீயோட அதைப் போடறதில்லையா?" என்று கேட்டாள். "போறவ வர்றவளெல்லாம் என் வாயையா பார்த்துக்கிட்டிருக்கீங்க?" என்று எரிந்து விழுந்தாள் பம்பரம். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. ஒல்லி முகம் சுருங்கி விரிப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்த வாரம் ஓட்டலில் ஒரு கூட்டமே வந்து இறங்கியிருந்தது. விரிப்பு மலைபோல் குவிந்தது. போதாததற்கு, லாண்டரியில் பரவிக்கொண்டிருந்த காய்ச்சல் பம்பரத்துக்கும் வந்தது. மற்றவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாள் படுத்து எழுந்தார்கள். அவளுக்கு மட்டும் மத்தியானத்துக்குள் கண் இருட்டியது. காது அடைத்துக்கொண்டது. விரிப்பின் முனையை ரோலரின் வாயில் கொடுக்கும்போது கை தானாகவே தளர்ந்து, அவள் அப்படியே முன்னால் சாய்ந்தாள்.

ஒல்லி போட்ட கூச்சலில் உலர்த்துகிற மிஷின்களின் இரைச்சல்கூட அடங்கிப் போனமாதிரி இருந்தது. ஒரு கையால் பம்பரத்தின் சட்டையைப் பற்றிப் பின்னால் இழுத்தாள், மறு கையால் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். உருளை நின்றது. பம்பரத்தின் விரல் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மடிப்புத் துணிதான் இருந்தது. அவளைத் தரையில் கிடத்தினார்கள். முகமெல்லாம் வேர்வை, உடம்பு சில்லிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கம்பளி கருகுகிற நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. அந்த நாற்றம் அவள் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே உதடு அசைந்தது.

"நிறுத்தாதே... சுத்தவிடு..."

பிதற்றுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து வேறொன்றை எடுத்துவந்தாள். அதுவும் அதையேதான் காட்டியது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், அழுத்தம் மேலே வரவில்லை. டியூட்டியில் இருந்த டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்று, அந்த வட்ட முகத்தைப் பார்த்தார், கையில் கன்றியிருந்த இடங்களைப் பார்த்தார், பிறகு வெளியே வந்து வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இவங்க என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க. தலைவலிக்குக்கூட சாப்பிட மாட்டா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூட்டுவலிக்கு, இளைப்புக்கு, எதுக்காவது?"

"இளைப்பா? அவளுக்கா?" வீட்டுக்காரர் விழித்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவர். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சுவரோரம் நின்ற ஒல்லி விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தியம் பண்ணியிருக்கிறாள். உள்ளே போய் வருகிற ஒவ்வொருவரும் நடக்காமல் ஓடுவதையும் பார்க்கிறாள். "என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க டாக்டர்" என்று ஆரம்பித்து, அழுகையும் பேச்சுமாகக் கலந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சின்ன வெள்ளை மாத்திரை, வருஷக்கணக்காக, தினமும். இப்போது ஒரு வாரமாகக் காணோம். மாத்திரையின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. டாக்டருக்கு அது தேவைப்படவும் இல்லை. அவள் பேசி முடிப்பதற்குள் அவர் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் பம்பரம் கண் திறந்து, முதல் கேள்வியாக, "ரோலரை யாரு நிறுத்தினது?" என்றாள். ஒல்லி அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பம்பரத்துக்கு அவர் உட்கார்ந்ததே பிடிக்கவில்லை. உட்கார்ந்து சொல்கிற விஷயம் நல்ல விஷயமாக இருக்காது.

"உங்க சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கும்மா. பயமோ, காய்ச்சலோ, அவசரமோ வந்தா மூளை அதுக்குச் சேதி அனுப்பும். அது கார்டிசால்னு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதுதான் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், ஓடறதுக்குத் தெம்பு கொடுக்கும். சரி, எப்ப நிறுத்தறது? அந்த ஹார்மோனே ரத்தத்துல ஏறி மூளைக்குத் திரும்பிப் போகும். அங்க அதை வாங்கிக்கறதுக்குன்னே ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏற்பின்னு பேரு. அது வாங்கிக்கிட்டு 'போதும்'னு சொன்னதும், மூளை சேதி அனுப்பறதை நிறுத்திக்கும்."

"போதும்னு சொல்ற ஆளு எனக்குள்ளயும் இருக்கா?" என்றாள் பம்பரம்.

"இருக்கு. ஆனா ஏமாந்துடுச்சு. நீங்க சாப்பிட்டது அந்த ஹார்மோனுக்குத் தம்பி முறை. ஏற்பிக்கு வித்தியாசம் தெரியாது. வர்றதெல்லாம் நம்ம வீட்டுச் சரக்குன்னு வாங்கிக்கிட்டுப் போதும், போதும்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு."

"எங்க வாசல் மிஷின் எவ்வளவோ தேவலை டாக்டர். அது என்னையே யாருன்னு கேக்குது. இது எவன் வந்தாலும் உள்ள விட்டுடுது போல."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வருஷக்கணக்கா மூளை கூப்பிடவே இல்லை. அந்தச் சுரப்பி வேலை இல்லாம சுருங்கித் தூங்கிப் போச்சு. நீங்க ஒரே நாள்ல மாத்திரையைத் தூக்கி எறிஞ்சீங்க. வெளியிலருந்தும் வரலை, உள்ளருந்தும் வரலை. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா..." அவர் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டார். "இனிமே இதைப் பட்டுனு நிறுத்தவே கூடாது. மாசக்கணக்கா, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ஏற்பிக்கு வர்றது குறையக் குறையத்தான் மூளை மறுபடி கூப்பிட ஆரம்பிக்கும், சுரப்பி கண்ணு முழிக்கும். இளைப்புக்கு ஒழுங்கா இன்ஹேலர்."

பம்பரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. "சுத்தவிட்டு ஆத்தணும்" என்றாள் மெதுவாக. டாக்டருக்குப் புரியவில்லை. கால்மாட்டில் நின்ற ஒல்லிக்குப் புரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

இத்தோடு கதை முடிந்தது என்றால் சௌகரியமாக இருக்கும். உண்மையான தொல்லை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. மாத்திரையைக் குறைக்கக் குறைக்க அவளுக்கு உடம்பு கனத்தது. சாயங்காலமானால் சுவரைப் பிடித்து நடந்தாள். பரண் ஒட்டடை பிடித்துக் கிடந்தது, ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தத் தோன்றாமைதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு நாள் காலை, வீட்டுக்காரர் வழக்கம்போல் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினார். மாத்திரைப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஆற அமரக் குறைக்க வேண்டிய வேலைக்கு அவரைவிட்டால் யார்? அவள் வாங்கிக்கொள்ளாமல் கேட்டாள்.

"ஏங்க, அப்போ இத்தனை நாள் சுத்தினது நான் இல்லையா? இதுதானா?"

"எது?"

"இந்தக் குண்டுமணி அளவு மாத்திரைதான் பம்பரமா? நான் யாரு? இது தீர்ந்ததும் என்கிட்ட என்ன மிஞ்சும்?"

உடனே பதில் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. டம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். அவளுக்குக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

"உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ" என்று ஆரம்பித்தார், "உட்காரச் சொன்னாங்க உன்னை. நீ உட்காராம மின்விசிறி சுவிட்சை நோண்டிக்கிட்டே இருந்தே. அப்புறம் அதைக் கழட்டிட்டே. ரிப்பேருக்கு ஆள் வரவழைச்சாங்க. அப்பல்லாம் நீ எந்த மாத்திரை சாப்பிட்டே?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "இளைப்புன்னு ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று அவர் கேட்டார். அவர் குரல் அதுவரை அவள் கேட்காத குரலாக இருந்தது. "நீங்க உட்காருன்னு சொல்லிடுவீங்கன்னு பயம்" என்றாள். "சொல்லியிருப்பேன்தான்" என்று அவர் ஒத்துக்கொண்டார். அவள் மாத்திரையை வாங்கி விழுங்கினாள்.

வேலைக்குத் திரும்பியதும், அவள் எதற்குப் பயந்தாள் என்று கேட்டறிந்த சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இருமின பெரியவரை நாங்க மாத்தலைம்மா. முட்டி வலிக்குது, உட்கார்ந்து செய்யற வேலை கொடுங்கன்னு அவரேதான் கேட்டு வாங்கிக்கிட்டார். இதுக்காகவா உசிரைப் பணயம் வச்சீங்க?" பம்பரத்துக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. எவன் சொன்னான் என்று கேட்டால் எவனும் சொல்லவில்லை. அவளே கட்டி, அவளே நம்பிய கதை. டாக்டர் சொன்னபடி, உடம்பு தேறுகிறவரை அவளை மடிக்கிற அறைக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் ஆபீசில் அந்த வட்ட முகத்தையே புதிதாகப் பதிந்துகொண்டாள். மிஷின் அன்றிலிருந்து மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்தது.

முக்காலியில் அவள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். உடம்பு அசதியாக இருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. காலாட்டம் மேசைக்கு ஏறி, அடுக்கிவைத்த துண்டுகள் சரிந்தன. "தாயே, பூகம்பத்தை நிறுத்து" என்று இருமல் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். மடிப்பாள், திருப்தியில்லாமல் பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரோலர் சுற்றுகிற சத்தம் வரும்போதெல்லாம் காது அங்கே போய்விடும். வேலை முடிகிற நேரத்தில் ஒல்லியின் குரல் கேட்கும்: "பட்டுனு நிறுத்தாதே, சுத்தவிட்டு ஆத்து." அதைக் கேட்ட பிறகுதான் துண்டைக் கீழே வைப்பாள்.

மாத்திரை பாதியாயிற்று, பாதியில் பாதியாயிற்று. நடுவில் ஒருமுறை அவசரப்பட்டு, சீக்கிரமே முடித்துவிடலாமே என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டாள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சுரப்பி எழுந்திருக்கவில்லை. அடுத்த தடவை எடுத்தபோதும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்குமா, இல்லை காலம் முழுக்க மாத்திரைதானா என்று டாக்டராலேயே உறுதி சொல்ல முடியவில்லை. அவள் குளிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அதையே நினைத்தாள். உள்ளே யாரோ ஒருத்தி போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள், எழுப்பினால் காதில் விழவில்லை. எழுந்திருடி, எழுந்திருடி என்று முணுமுணுத்துக்கொண்டே துண்டை மடித்தாள்.

பிறகு ஒரு காலை. வழக்கம்போல் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, மிஷின் முன்னால் வந்தாள். அன்று அவள் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்ற யோசனை மட்டும் இருந்தது.

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்."

காவலர் எட்டிப் பார்த்தார். "மறுபடியுமா? அக்கா, இது உங்களுக்குன்னே வந்து வாய்ச்சிருக்கு" என்று கதவைத் திறக்க எழுந்தார்.

"இருங்கண்ணே, திறக்காதீங்க" என்றாள்.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு எலும்பு தட்டியது. தாடையை வருடினாள்; அது ஓரிடத்தில் முடிந்து, கழுத்து வேறிடத்தில் தொடங்கியது. தினம் தினம் கண்ணாடியில் பார்த்தவளுக்குத் தெரியவில்லை, பக்கத்திலேயே இருந்த வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது யார் கண்ணுக்குத்தான் தெரியும்? ஒல்லி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

பம்பரம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். பொருந்தவில்லை என்றது. இன்னொரு முறை முயன்றாள். உள்ளே போர்த்திக்கொண்டு படுத்தவள் எழுந்துவிட்டாளா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், அது அடுத்த வாரம். மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது. நீ அந்தப் பழைய ஆள் இல்லை என்று மட்டும் அது திரும்பத் திரும்பச் சொன்னது.

வரிசை நீண்டுவிட்டது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள். பம்பரம் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஆடாமல் அசையாமல், அதன் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.